லீவில் போவதா, கடிதத்தோடு போவதா?

கேள்வி:

ஐயா, நான் பத்தரமுல்லையில் ஒரு திணைக்களத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். வீடு வெள்ளவத்தையில். பதவியில் இன்னும் நிரந்தரமாக்கவில்லை. டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் கோயில் இளைஞர் குழுவோடு கெசுவல் லீவு போட்டுக்கொண்டு நான்கு நாள் பதுளைப் பக்கம் போனேன். அரிசி, பால்மா கொடுக்கத்தான் போனோம். ஆனால் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த தோட்டத்து அம்மா ஒருவர் சேத விபரப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார். படிவம் சிங்களத்தில். வாசித்துச் சொல்லி நிரப்பிக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் வரிசை. மிச்ச நாளெல்லாம் அந்த வேலைதான்.

அடுத்த முறை முறைப்படி போக விரும்புகிறேன். மேலதிகாரி, "விருப்பமென்றால் சொந்த லீவில் போங்கள்" என்கிறார். சக ஊழியர் ஒருவர், அனர்த்தத்துக்கு விசேட லீவு உண்டு, கேட்டால் தரவேண்டும் என்கிறார். எது சரி? அங்கே எனக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு? வட்ஸ்அப்பில் பணம் சேர்த்ததும், பேஸ்புக்கில் படம் போட்டதும் பிழையா? போன நான்கு நாளையும் கடமை லீவாக மாற்ற முடியுமா?

- வெள்ளவத்தை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மேலதிகாரி சொன்னது பிழையில்லை, ஆனால் முழுவதுமில்லை. சக ஊழியர் சொன்னது பெரும்பாலும் பிழை. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

வெள்ளம், மண்சரிவு வந்தால் பொது நிர்வாக அமைச்சிலிருந்து வரும் விசேட லீவுச் சுற்றறிக்கைகளைத்தான் அவர் மனதில் வைத்திருக்கிறார். அவை வீடு மூழ்கியதாலோ பாதை தடைப்பட்டதாலோ கடமைக்கு வர முடியாமல் போன உத்தியோகத்தர்களுக்கானவை. உதவி செய்யப் போகிறவர்களுக்கானவை அல்ல. கொலன்னாவையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த ஒருவர் கேட்கலாம்; வெள்ளவத்தையில் நனையாமல் இருந்த நீங்கள் கேட்க முடியாது. கேட்டு, பிறகு யாராவது கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னால் வீண் சங்கடம்.

எந்த லீவு என்று கேட்பதற்கு முன்னால், யாராகப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். கோயில் குழுவில் ஒரு தொண்டராகவா, அரசாங்க உத்தியோகத்தராகவா? சம்பளம், விபத்து, வாகனம், கையொப்பம், பேஸ்புக் என்று நீங்கள் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு வழியும் மரியாதையானவை. ஒன்றில் ஏறிக்கொண்டு மற்றதன் சலுகையைக் கேட்கும்போதுதான் கந்தோரில் பிரச்சினை தொடங்குகிறது.

தொண்டராகப் போவதானால் உங்கள் மேலதிகாரி சொன்னதுதான் வழி. வருடத்துக்குக் கெசுவல் 21 நாள், வெக்கேஷன் 24 நாள் உங்கள் கணக்கில் இருக்கிறது. பொது 125அ படிவத்தை நிரப்பி, அனுமதி கிடைத்த பிறகு போங்கள். "அனுமதி கிடைத்த பிறகு" என்பதை அழுத்திச் சொல்கிறேன். அரச ஊழியர்களுக்கான விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயம் லீவை உரிமையாகப் பார்ப்பதில்லை, சலுகையாகத்தான் பார்க்கிறது. மேசையில் படிவத்தை வைத்துவிட்டு இரவு பஸ் ஏறுகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. சாதாரண நாட்களில் அது ஓடிவிடும். அனர்த்த காலத்தில் ஓடாது. 2025 நவம்பர் இறுதியில் அவசரகால நிலை பிரகடனமானது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படியான வேளையில் உங்கள் திணைக்களத்தின் சேவையே அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் வரலாம். 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் அப்படி வந்துவிட்டால், கடமைக்கு வராமல் இருப்பது ஒழுக்காற்று விடயம் என்ற எல்லையைத் தாண்டி, குற்றமாகவே ஆகலாம். பதுளையில் நல்ல காரியம் செய்துகொண்டிருந்தேன் என்பது அங்கே பதிலாகாது. அனுமதியின்றி நாட்கள் நீண்டால் பதவியை வறிதாக்கியதாகக் கடிதம் வருவதும் உண்டு.

நீங்கள் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். கெசுவல் தீர்ந்துவிட்டது, சம்பளமற்ற லீவில் போகிறேன் என்று மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டாம். சம்பள ஏற்றத் திகதி, நிரந்தரமாக்கும் திகதி எல்லாவற்றிலும் அது கைவைக்கக்கூடும். பத்து வருடம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியலில் ஒரு இலக்கம் பின்னால் நிற்கும்போதுதான் அது தெரியும்.

இனி இரண்டாவது வழி. உங்கள் கடிதத்தை வாசித்தபோது, நீங்கள் இதற்குத்தான் பொருத்தமானவர் என்று எனக்குப் பட்டது.

அரிசியும் பால்மாவும் கொண்டுபோக ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புயல் ஓய்ந்த முதல் வாரத்தில் கொழும்பிலிருந்து மலையகத்துக்குப் போன லொறிகளே பாதையை அடைத்தன என்று சொன்னால் பெரிய பொய்யாகாது. படிவத்தை வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளையில் பாதிக்கப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் தமிழில் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அந்தப் படிவத்தில் உரிமையாளர் யார் என்ற கட்டத்தை நினைத்துப் பாருங்கள். லயத்து அறை அந்த அம்மாவின் பெயரில் இல்லை. தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருக்கிறது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வரும். தன் பெயரை எழுதினால் பிழையான தகவல் கொடுத்தவராவார். தோட்டத்தின் பெயர், பிரிவு, லய இலக்கம், குடியிருப்பவர் யார் என்று விளக்கமாக எழுதி, கிராம உத்தியோகத்தரின் உறுதியோடு அனுப்பத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டைத் துப்புரவாக்க அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபா ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சில வேளை அந்த ஒரு கட்டத்தில்தான் தங்கியிருக்கிறது.

ஆனால், லீவில் போன நீங்கள் அதை நிரப்ப மட்டுமே உதவலாம். உறுதிப்படுத்த முடியாது. உங்கள் உத்தியோக முத்திரையைக் கொண்டுபோயிருந்தால் அதை எடுக்கவே கூடாது. அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் மட்டும் உரிய வேலை அது. கடமையில் இணைக்கப்பட்டுப் போனால் பிரதேச செயலாளர் உங்களுக்கு ஒரு மேசையும் ஒரு பொறுப்பும் எழுத்தில் தர முடியும்.

அந்த எழுத்து எப்படி வருகிறது?

அமெரிக்காவில் இதற்கு ஒரு நிலையான ஏற்பாடு இருக்கிறது. 2005இல் கத்ரினா சூறாவளியில் நிர்வாகம் திணறிய பிறகு, அடுத்த ஆண்டு வந்த சட்டம் ஒன்றின்படி, வேறு வேலை பார்க்கும் மத்திய அரசாங்க ஊழியர்களையும் அனர்த்தப் பணிக்கு அனுப்பும் ஒரு தொண்டர் படையை அமைத்தார்கள். 2012இல் சாண்டி சூறாவளிக்கு முதன்முறையாக அனுப்பினார்கள். 2017இல் ஹார்வி, இர்மா, மரியா என்று சூறாவளிகள் அடுத்தடுத்து வந்தபோது மற்றத் திணைக்களங்களுக்கும் கதவு திறந்தது. ஊழியர் தானாக முன்வர வேண்டும், மேலதிகாரி சம்மதிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் சொந்தத் திணைக்களத்திலிருந்தே தொடரும். நம்மிடம் பெரும்பாலும் அந்தந்த வேளையில் வரும் சுற்றறிக்கையும், ஒரு கந்தோர் இன்னொரு கந்தோருக்கு எழுதும் கடிதமும்தான். ஆகவே அந்தக் கடிதத்தை வரவைக்கும் வேலை உங்கள் தலையில்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டப்படி ஒவ்வொரு அமைச்சும் திணைக்களமும் அரச கூட்டுத்தாபனமும் தனக்கென்று ஓர் அனர்த்த முகாமைத்துவத் திட்டம் தயாரிக்க வேண்டும். உங்கள் திணைக்களத்திலும் ஏதோ ஒரு அலுமாரியில் அது இருக்கும். தாபனக் கிளையில் கேட்டுப் பாருங்கள். அதில் பொறுப்பாளர் என்று ஒருவரின் பதவி எழுதியிருந்தால் உங்கள் விருப்பத்தை அவரிடம் பதிவு செய்யுங்கள். இதைச் செய்ய வேண்டியது வானம் தெளிவாக இருக்கும்போது. மழை தொடங்கிய பிறகு பணிப்பாளரின் மேசையில் உங்கள் கடிதம் நாற்பதாவது கடிதமாகத்தான் இருக்கும்.

அடுத்தது, கேட்கும் திசையை மாற்றுங்கள். "என்னை விடுங்கள்" என்று நீங்கள் கேட்டால், வேலை யார் பார்ப்பது என்றுதான் மேலதிகாரி யோசிப்பார். "இவரைத் தாருங்கள்" என்று ஒரு மாவட்டச் செயலாளரோ பிரதேச செயலாளரோ எழுதினால் கோப்பு வேறு விதமாக நகரும். மாவட்டச் செயலகங்களில் மாவட்ட அனர்த்த முகாமைத்துவ ஒருங்கிணைப்புப் பிரிவு இருக்கிறது. போன முறை நீங்கள் போன பிரதேச செயலகத்தில் உங்களைக் கண்டவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பேசுங்கள். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்த வேலைக்கு, எந்த மொழித் தேவைக்காக என்று அவர்கள் எழுதட்டும். அதோடு உங்கள் விண்ணப்பம் இப்படிப் போகலாம்:

"கிளைத் தலைவர் ஊடாக, பணிப்பாளருக்கு. அனர்த்த நிவாரணக் கடமைக்காகத் தற்காலிகமாக விடுவித்தல். மேற்படி பிரதேச செயலாளரின் கோரிக்கைக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. குறிப்பிட்ட காலப்பகுதியில் எனது கடமைகளைப் பதில் பார்க்க இன்னார் இணங்கியுள்ளார். அவரது கையொப்பம் கீழே உள்ளது. இக்காலப்பகுதியைக் கடமைக் காலமாகக் கருதி அனுமதி வழங்குமாறும், எனது வரவை அப்பிரதேச செயலகத்தின் வரவுப் பதிவேட்டின் அடிப்படையில் ஏற்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்."

இதில் உயிர், பதில் பார்ப்பவரைப் பற்றிய வாக்கியத்தில் இருக்கிறது. பதில் பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி மறுப்பு அங்கேயே கரைந்துவிடும். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, எழுதுங்கள். ஆனால் கையொப்பமிடுகிறவருக்குச் சிங்களம்தான் ஓடும் என்றால், சிங்களப் பிரதி ஒன்றையும் பின்னால் வையுங்கள். மொழிபெயர்ப்புக்காக ஒரு கடிதம் இரண்டு வாரம் உறங்கிய கதைகள் எந்தக் கந்தோரிலும் உண்டு, வெள்ளம் அவ்வளவு நாள் காத்திருக்காது.

சில நாட்களுக்கான விடுவிப்பைத் திணைக்களத் தலைவர் மட்டத்தில் முடிக்கலாம். மாதக்கணக்கில் நீளுமானால், நீங்கள் பல திணைக்களங்களுக்கும் பொதுவான இணைந்த சேவையைச் சேர்ந்தவர் என்பதால், இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகத்துக்கும் தெரிந்து நடக்க வேண்டும். அதற்கு அவசரப்படாதீர்கள், முதலில் ஒரு வாரம் போய் வந்து காட்டுங்கள்.

பிரயாணச் செலவுக்கு முன் அனுமதி இல்லாமல் பிறகு வவுச்சர் நீட்ட முடியாது. அனுமதிக் கடிதத்திலேயே அதையும் கேளுங்கள். கடமையில் போகிறவர் தன் ஹொலிடே வொரண்டை, அதாவது லீவுக்கால ரயில் பயணச் சலுகைச் சீட்டை, கிழிக்க வேண்டியதில்லை. அதை வீட்டாரோடு ஊர் போக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியை நீங்கள் நடுவில் ஒரு வரியில் கேட்டுவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு முதலில் பட்டது அதுதான். மண்சரிவு அபாயப் பகுதியில், நனைந்த சரிவில், வேன் ஒன்றில் போய் வந்திருக்கிறீர்கள். கடமையில் இருக்கும்போது, தன் கவனயீனம் இல்லாமல், கடமையின் காரணமாகக் காயப்பட்ட உத்தியோகத்தருக்கு விபத்து லீவும் இழப்பீடும் கேட்க வழியிருக்கிறது. கெசுவல் லீவில் இருந்த உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி ஆஸ்பத்திரிச் செலவில் அதன் எல்லைக்குள் கைகொடுக்கலாம், அவ்வளவுதான். காயம் கடமையில் பட்டது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். அதைக் காட்டுவது திகதி, இடம், வேலை மூன்றும் எழுதிய அந்த விடுவிப்புக் கடிதம். வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகினாலும் அன்றைக்கே பிரதேச செயலாளருக்கும் உங்கள் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டிச் சான்றிதழ் எடுங்கள். ஒரு மாதம் கழித்து வீங்கிய காலோடு வந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

வெள்ளத் தண்ணீரில் இறங்குவதானால் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து பற்றி முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி கந்தோரில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். டொக்சிசைக்கிளின் குளிசையை நண்பர்களிடம் வாங்கி விழுங்க வேண்டாம். எல்லோருக்கும் அது ஒத்துவராது. மண்சரிவுப் பகுதிகளுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை நடைமுறையில் இருந்தால், எந்தக் கடிதம் கையில் இருந்தாலும் அங்கே போகாதீர்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம்.

வாகனம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காமலே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. "கந்தோர் கெப் சும்மா நிற்கிறது, சாரதியும் வர ரெடி" என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். எழுத்து அனுமதியில்லாமல் போன அரச வாகனம் எங்காவது மதிலில் உரசினால் அரச நட்டங்களுக்கான நிதிப் பிரமாணம் 104இன் கீழ் விசாரணை. நட்டத்துக்கு யார் பொறுப்பு என்று தேடும்போது, அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவரின் பெயர்தான் முதலில் வரும். நிவாரணப் பொருள் ஏற்றிப் போனோம் என்பது மனச்சாட்சிக்கு ஆறுதல், கணக்காய்வாளருக்கு அல்ல.

பணம் சேர்த்தது. கோயில் குழுவின் அங்கத்தவராக, குழுவின் வங்கிக் கணக்குக்குக் கேட்டிருந்தால் குற்றமில்லை. உங்கள் சொந்தக் கணக்கு இலக்கத்தைப் போட்டு, கீழே பதவியையும் திணைக்களத்தையும் எழுதியிருந்தால் அந்தப் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். அரசாங்கக் கந்தோரின் பெயரில் பணம் வாங்கினால் பொது 172 பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். அது உங்களிடம் இல்லை, இருக்கவும் கூடாது. வந்த காசுக்கும் செலவுக்கும் ஒரு தாளில் கணக்கெழுதி, பில்களோடு குழுத் தலைவரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை காசு விடயத்தில் நீங்கள் நிற்கவே வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கம் போன்ற இடங்களுக்கு நேரே அனுப்பச் சொல்லுங்கள்.

கட்சிக்காரர்களின் நிவாரண லொறியைப் பற்றியும் ஒரு சொல். பதாகை கட்டிய வாகனத்தின் முன்னால் நின்று படமெடுக்க வேண்டாம். அரசியல் உரிமை உள்ள பதவியா இல்லாத பதவியா என்ற வாதமெல்லாம் பிறகு, விதிக்கோவையின் 32ஆம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்கும். படம் அதற்கு முன்பே எல்லா இடமும் போய்விடும்.

பேஸ்புக். பொருட்கள் அடுக்குவது, கோயில் குழு புறப்படுவது போன்ற படங்களால் யாருக்கும் தொல்லையில்லை. "இந்தப் பிரதேச செயலகத்தில் இன்னும் படிவமே கொடுக்கவில்லை, வெட்கம்" என்று எழுதினால் தொல்லை. ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பது விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்தில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. சமூக ஊடகங்களில் அரச உத்தியோகத்தர் கருத்துச் சொல்வது ஒழுக்காற்று நடவடிக்கைக்கு இட்டுச்செல்லும் என்று 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு நினைவூட்டியது. இந்தக் கட்டுப்பாடு மிகக் கடுமையானது என்பது என் சொந்த அபிப்பிராயம். படிவம் கிடைக்காதது உண்மையென்றால் அதை யாராவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் தகுதிகாண் காலத்தில் இருக்கும் நீங்கள் அதைச் சொல்ல வேண்டிய இடம் மாவட்டச் செயலாளருக்கு ஒரு கடிதம். பேஸ்புக்கைவிட அது மெதுவாகப் போகும், ஆனால் பதில் எழுத வேண்டிய கட்டாயம் அதற்குத்தான் இருக்கிறது.

படங்களோடு இன்னொரு விடயம். வரிசையில் நின்றவர்களுக்குப் படிவம் நிரப்ப அடையாள அட்டைகளை, வங்கிப் புத்தகங்களை உங்கள் போனில் படம் எடுத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வேலை முடிந்ததென்றால் அவற்றை அழித்துவிடுங்கள், குழுவின் வட்ஸ்அப்பில் போட்டிருந்தால் அங்கிருந்தும். அந்த அம்மாவிடம் இப்போது மிஞ்சியிருப்பது அந்த இலக்கங்கள்தான்.

பதுளைக்கே போக வேண்டுமா என்றும் யோசியுங்கள். மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழை பெலத்தால் களனி கங்கை கொழும்புக்குள்ளேயே வருகிறது. 2016 மேயில் வந்ததைக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. அங்கேயும் தமிழ் பேசுகிறவர்கள் கைக்குழந்தைகளோடு பாடசாலைகளில் படுக்கிறார்கள், அங்கேயும் படிவம் நிரப்ப ஆள் தேவை. பத்தரமுல்லையிலிருந்து ஒரு பஸ். காலையில் கந்தோரில் கையொப்பம் வைத்துவிட்டு, பிற்பகலுக்கு மட்டும் விடுவியுங்கள் என்று கேட்டால் உங்கள் மேலதிகாரிக்கும் மறுப்பது கஷ்டம்.

கடைசிக் கேள்வி. போன நான்கு நாளைக் கடமை லீவாக மாற்ற முடியாது, முயற்சியும் செய்ய வேண்டாம். அன்றைக்கு உங்களை யாரும் கடமைக்கு அனுப்பவில்லை. இன்றைக்குப் பின்திகதியிட்டு யாராவது கடிதம் தர முன்வந்தால் அதை வாங்காதீர்கள். அந்தப் பிரதேச செயலாளர் உங்கள் வேலையைப் பாராட்டி, நடந்த திகதிகளையே எழுதி ஒரு கடிதம் தருவாரானால் அது வேறு. அதை உங்கள் பெர்சனல் பைலில் சேர்க்கச் சொல்லித் தாபனக் கிளையில் கொடுங்கள், ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அதுதான் முதல் இணைப்பு.